பெயிண்ட் அடிப்பதா, வண்டியை மாற்றுவதா

அடிவாரச் சோதனைச் சாவடியில் யாரும் கேட்காமலேயே இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து காட்டுகிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். காவலர் டீ குடித்துக்கொண்டிருப்பார். “போங்க சார், போங்க” என்று கையை ஆட்டுவார். இவர் கேட்க மாட்டார். வண்டியை ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, “பாட்டில் ஒண்ணும் இல்லீங்க, பிளாஸ்டிக் பையும் இல்லீங்க” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். இவ்வளவு வியர்க்கிற ஆள் சும்மா வந்திருக்க மாட்டான் என்று காவலருக்குத் தோன்றிவிடும். டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்ப்பார். என் சாப்பாட்டுக் கூடையையும் திறக்கச் சொல்வார். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ் அதற்குள் சில வளைவுகள் ஏறியிருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவர் எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார். கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு அரசு உண்டு உறைவிடப் பள்ளி. நான் அங்கே தமிழ் டீச்சர். இரண்டு பேருக்கும் வீடு சேந்தமங்கலத்தில். திங்கட்கிழமை காலையில் அவருடைய காரில் ஏறினால், வெள்ளிக்கிழமை மாலை அதே காரில் இறங்குவோம். நடுவில் உள்ள நாட்களுக்கு ஆசிரியர் குடியிருப்பு.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் எடை போட்ட பருப்பை வீட்டில் ஒருதரம் நிறுத்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டம்மா கேட்காமலேயே குழம்பு கொடுத்தால், என்ன காரியம் ஆக வேண்டும் என்று யோசிப்பேன். “நீ வாத்திச்சி வேலைக்கு வந்திருக்கக் கூடாது, போலீஸுக்குப் போயிருக்கணும்” என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படிப்பட்ட நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் இந்தக் கணக்கு வாத்தியார். பொய் சொல்ல வராத முகம் அது. சொல்லாத பொய்க்கே சிவந்துபோகும்.

ஒருமுறை தலைமையாசிரியர் ஊருக்குக் கொண்டுபோக என்று ஆசிரியர் அறையில் ஒரு பலாப்பழம் வைத்திருந்தார். மத்தியானம் பார்த்தால் காணோம். “யாருங்க எடுத்தது?” என்று அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கணக்கு வாத்தியார் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். காது மடல் வரை சிவந்துவிட்டது. “நான் இந்த வாரம் பலாப்பழமே சாப்பிடலீங்க சார்” என்று சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டினார். மோந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது போல. தலைமையாசிரியருக்கே சங்கடமாகிவிட்டது. காலை பஸ்ஸில் பழத்தை ஏற்றிவிட்டதைத் தான்தான் மறந்துபோனதாகச் சாயங்காலம் வந்து சொன்னார். அதற்குப் பிறகும் கணக்கு வாத்தியார் இரண்டு நாள் அந்த அறைப் பக்கம் சாப்பிட வரவில்லை.

பரீட்சை ஹாலில் யாராவது காப்பியடித்தால் இவர் தலை குனிந்துகொள்வார். மாட்டிக்கொண்ட பையன் “பரவால்லீங்க சார்” என்று இவரைத் தேற்ற வேண்டியிருக்கும். ஆய்வுக்கு அதிகாரி வந்தால், இவருடைய வகுப்பைத்தான் முதலில் பார்ப்பார். வாசலிலேயே இவர் முகத்தைப் பார்த்ததும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் ஒழுங்காக வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

விடுதியில் எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சமைக்கிற அக்கா இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்து ஊர்க்காரர். “அந்த சாருக்கு மூஞ்சி கண்ணாடிங்க டீச்சரம்மா. உள்ள நடக்கறது பூரா வெளியில தெரியுது. இந்த மாதிரி ஆளை நம்பி ஊட்டுச் சாவியையே குடுக்கலாமுங்க” என்பார். நானும் தலையாட்டுவேன்.

இனி காருக்கு வருகிறேன். சின்ன வெள்ளைக் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பானட்டில் பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் நிறம். மலையில் வெள்ளைக் கார் என்றால் ஆபீஸ் கார் என்று அர்த்தம். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கூட்டிவர இவர் ஏதாவது ஊருக்குள் போனால், காரைக் கண்டதுமே ஆண்களெல்லாம் மிளகுத் தோட்டத்துக்குள் நழுவிவிடுவார்கள். காட்டு ஆபீசரா, நிலம் அளக்க வந்தவரா, எதற்கு வம்பு. கார் நின்று, கணக்கு வாத்தியார் இறங்கி, யாரிடமோ மாட்டிக்கொண்ட ஆள் போல முழிப்பதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

அதனால் அவருக்கு ஒரு யோசனை. வேறு நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன? அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பழைய தகரத்துக்குப் புதுச் சட்டையா, கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுங்கள் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியார் அல்லாடினார். சேந்தமங்கலத்தில் ஒரு பெயிண்டர் கொடுத்த கலர் அட்டை எப்போதும் காரின் முன்பக்கத்தில் கிடக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வளைவு ஏறும்போது என்னிடம் கேட்பார்.

“பெயிண்ட் அடிச்சிரலாமா டீச்சர், இல்ல மாத்திரலாமா?”

“அடிங்க சார். நீலம் அடிங்க.”

“நீலம்னா ஒரு கட்சி டீச்சர்.”

“சிவப்பு?”

“அதுவும் கட்சிதான்.”

“பச்சை அடிங்க.”

“பச்சைன்னா காட்டு ஆபீஸ் ஜீப்புன்னு இன்னும் ஓடுவாங்க. எந்த நிறம் எடுத்தாலும் யாராச்சும் ஒருத்தர் வந்து நிக்கிறாங்க டீச்சர்.”

சமையலக்காவிடமும் கேட்டார். “ஏனுங் சார், கெழட்டு மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சா அது கன்னுக்குட்டி ஆயிருமுங்களா? வித்துப்போட்டு வேற எடுங்க” என்று அந்த அக்கா பட்டென்று சொல்லிவிட்டார். அவர் சிரித்தார். ஆனால் முடிவெடுக்கவில்லை. அந்த மனிதரால் கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட ஒரு முடிவெடுக்க முடியாது.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை, அவர் காரோடு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றார்.

“வண்டிய பெயிண்டுக்கு விட்டுட்டேன் டீச்சர்.”

“அடடா, எப்ப முடிவு பண்ணீங்க?”

“பண்ணிட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

என்ன கலர் என்று கேட்டேன். காப்பிப்பொடி கலர் என்றார். அந்தக் கலரைப் பற்றி அதுவரை அவர் பேசியதே இல்லை. சரி, ஒரு வழியாகக் குழப்பம் தீர்ந்ததே என்று நானும் பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளிக்குப் போனால் அடுப்பு எரியவில்லை. சமையலக்காவின் வீட்டுக்காரரை முந்தின நாள் சாயங்காலம் ஒரு கார் இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை. கண்ணை மறைக்கிற மூடுபனி. தோட்டத்திலிருந்து ரோட்டோரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவர். தொடை எலும்பு இரண்டாக உடைந்து, பள்ளத்தில் கிடந்திருக்கிறார். வெகு நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த பால் வண்டிக்காரர்தான் முனகல் கேட்டு இறங்கித் தூக்கியிருக்கிறார். சேலம் பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மரம் ஏறி மிளகு பறிக்கிறவர். மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரத்தின் உச்சிவரை ஏணியில்லாமல் ஏறக்கூடியவர் என்று பெயர். பறிப்புக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. இனி அந்தக் காலை வைத்துக்கொண்டு தரையில் நடந்தாலே பெரிது.

போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடிபட்டவருக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் கார் என்பது மட்டும்தான். சமையலக்கா திரும்பி வந்தபோது என்னிடம் சொன்னார்: “இடிச்சது கூடப் பெருசில்லீங்க டீச்சரம்மா. பனியில யாருக்குக் கண்ணு தெரியும். ஆனா அந்தக் காரு நின்னுச்சாமுங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்துப்போட்டுப் போயிருச்சாமுங்க. இவரு கையத் தூக்கிக் காமிச்சிருக்காரு.” அதைச் சொல்லும்போதுதான் அந்த அக்கா அழுதார். யார் அந்தப் பாவி என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

நான் சந்தேகப்படாத ஆளில்லை. வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். அங்கே லாட்ஜ் வைத்திருப்பவரைச் சந்தேகப்பட்டேன். வெள்ளைக் காரில் வருகிற மிளகு வியாபாரியை, அவர் வாங்கும் மிளகைவிட அதிகமாக முறைத்துப் பார்த்தேன். எங்கள் தலைமையாசிரியரைக்கூட ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டுகிறவரை மட்டும் விட்டுவிட்டேன்.

காப்பிப்பொடி நிறத்தில் கார் திரும்பி வந்ததும் ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. எழாமல் எப்படி இருக்கும்? ஒரு வருடமாக அடிக்காத பெயிண்டை அந்த வாரமா அடிப்பார் ஒரு மனிதர்? விடுதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் இரண்டு பேர் வந்து, முன்பக்கம் குனிந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டி போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார் பெயிண்டர். ஒன்றும் தெரியவில்லை. நான்தான் அவர்களிடம் சண்டைக்குப் போனேன். “ஒரு வருஷமா இவர் பெயிண்ட் பெயிண்ட்னு என் உசுர வாங்கினது எனக்குத் தெரியும். பலாப்பழம் காணாமப் போனதுக்கே வேர்த்து விறுவிறுத்த மனுஷன். ஒரு ஆளை இடிச்சிருந்தா இந்நேரம் அவர் மூஞ்சியே ஊரக் கூட்டியிருக்கும்” என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது சரிதானுங்க” என்றார் ஒருவர். அந்த முகத்தைப் பார்க்காதவர் யார் இருக்கிறார்கள் அந்த மலையில்? சமையலக்காவும் அதையேதான் சொன்னார். “சாரா? போங்க டீச்சரம்மா. அவரு ஒரு கோழி மேல ஏத்தியிருந்தாக்கூட என்ரகிட்ட வந்து அழுதிருப்பாருங்க.” கணக்கு வாத்தியாருக்கு அன்றைக்கும் ஒரு கரண்டி சாம்பார் அதிகமாக ஊற்றினார்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. கார் திரும்பி வந்த பிறகு, அடிவாரச் சாவடியில் அவர் இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, லேசாகக் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். “ஆர்.சி. புக்குல வெள்ளைன்னு இருக்குமே சார், ஆபீஸ்ல சொல்லி மாத்த வேண்டாமா?” என்று கேட்டேன். ஒரு காகிதத்தில் முத்திரை சற்றுக் கோணலாக விழுந்தாலே தூக்கம் வராத மனிதர், “பாத்துக்கலாம் டீச்சர்” என்றார். மூன்று வாரமாக அவர் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை கிடையாது. வண்டி விஷயத்தில் முடிவெடுத்த நிம்மதி, ஆள் தேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு முடிவு சொன்னார். அந்தப் பக்கம் வந்துபோகிற வெள்ளைக் கார்க்காரர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட வேண்டும். அங்கே அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு ஒருவன் அந்த மலையில் இருக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. கணக்கு வாத்தியாரை அவர் கூப்பிடவில்லை. “உங்க காருதான் இப்ப வெள்ளை இல்லீங்களே சார். உங்களத் தெரியாதுங்களா எங்களுக்கு” என்று சிரித்துவிட்டார். நான்தான் விடவில்லை. அன்றைக்கு வெள்ளைதானே, வந்து அணைத்துவிட்டால் இனி ஒரு வாய் பேசாது என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நடுங்கிப்போய் ஏதாவது உளறிவிடுவாரோ என்றுகூட எனக்குப் பயமாக இருந்தது.

கோயில் முன்னால் கட்டிலில் சமையலக்காவின் வீட்டுக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். காலில் கட்டு. முதலில் மிளகு வியாபாரி வந்தார். “ஆத்தா மேல ஆணையா நான் இல்லீங்க” என்று சொல்வதற்குள் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. லாட்ஜ்காரர் தட்டில் எரிகிற சூடத்தின் மேல் கையை வைக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டார். இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லோருக்கும் கை நடுங்கியது. ஒன்றும் செய்யாதவனுக்கும் சாமி முன்னால் கை நடுங்கத்தானே செய்யும்.

கடைசியாக எங்கள் கணக்கு வாத்தியார் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கட்டிலில் இருந்தவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “ஆத்தா மேல ஆணையா நான் இல்ல” என்று தெளிவாகச் சொன்னார். பிறகு, வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பாரே, அதே மாதிரி கையால் ஒரே வீச்சில் சூடத்தை அணைத்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

சமையலக்கா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். “கை சுட்டுருச்சுங்களா சார்?” என்று அவர் உள்ளங்கையைத் தன் கையில் வாங்கித் தண்ணீர் ஊற்றினார்.

“இல்லம்மா” என்றார் அவர்.

பலாப்பழத்துக்கு நீட்டிய கையா இது? அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் காரில் ஏறினேன். என் காதால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

ஊரைத் தாண்டியதும் கேட்டேன். “சார், அந்த ஞாயித்துக்கிழமை நீங்க மேல வந்தீங்களா?”

“வந்தேன் டீச்சர்” என்றார். ஸ்டியரிங்கில் கை அசையவில்லை. “வீட்ல சண்டை. புது வண்டி வேணும்னு. கோவத்துல எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ரூம்ல வந்து படுத்துக்கலாம்னு. நீங்கதான் எனக்காக அத்தனை பேசுனீங்க, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. பனியில அவர் தெரியல.”

“நிறுத்துனீங்களே சார். அவர் கையத் தூக்கினாராமே.”

“கண்ணாடியில பாத்தேன். அசைஞ்சுது. சரி, உசுரு இருக்கு, யாராச்சும் வருவாங்கன்னு கிளம்பிட்டேன். அப்படியே திருப்பிக்கிட்டு இறங்கி, விடியும்போது பெயிண்டர் கடையில விட்டேன்.”

“மூணு வாரமா அந்த அக்கா கையால சாப்பிட்டீங்களே.”

“சாப்பிடாம இருந்தா சந்தேகம் வந்திருக்கும் டீச்சர்.” அடுத்த வளைவில் ஹாரன் அடித்துத் திருப்பினார். அப்புறம், ஏதோ வேறொருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: “இத்தனை வருஷம் செய்யாததுக்கெல்லாம் பயந்து செத்தேன். இத செஞ்சதுக்கப்புறம் பயமே வரல. ஏன்னு எனக்கே தெரியல. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

இப்போதாவது அந்த முகம் வியர்க்கும் என்று பார்த்தேன்.

“பெயிண்ட் அடிச்சிருக்கக் கூடாது டீச்சர். அதனாலதான் இத்தனை பேச்சு. பேசாம அன்னைக்கே வண்டிய மாத்தியிருக்கணும். பொங்கல் கழிச்சு மாத்திரலாம்னு இருக்கேன்.”

“நிறுத்துங்க சார்.”

“இங்கயா? இங்க பஸ் நிக்காதே டீச்சர்.”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்.”

நிறுத்தினார். நான் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை என் பலம் கொண்ட மட்டும் அறைந்து சாத்தினேன். கார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் அது கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. அவர் முகத்துக்கு ஜாமீன் நின்ற இந்த வாயால்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.

சமையலக்கா தன் வீட்டுக்காரரைக் கட்டிலோடு உள்ளே சேர்த்துவிட்டு, வாசலில் விளக்குப் போட வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டார். என் சேலையெல்லாம் செம்மண்.

“ஏனுங் டீச்சரம்மா, நடந்தா வாரீங்க? சார் உங்கள வழியில உட்டுப்போட்டுப் போயிட்டாருங்களா?”

“என்னை இல்லக்கா” என்றேன். “உங்க வீட்டுக்காரரை.”